உங்கள் சிடிஆர் யார் கையில்? போன் பதிவுகள், போலீஸ், அரசு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சட்ட உதவி முகாம்களில் பட்டா, ஜீவனாம்சம், கடன் வசூல் என்று வரும் கேள்விகளுக்கு நடுவே போனைப் பற்றி யாராவது ஒருவர் கேட்காமல் போவதில்லை. "என் போனை ஒட்டுக்கேட்கிறாங்களா சார்?" என்றுதான் பலரும் ஆரம்பிப்பார்கள். கொஞ்சம் விசாரித்தால், அவர்கள் யாருக்கு எப்போது பேசினார்கள் என்ற பட்டியலை ஸ்டேஷனில் மேஜைமேல் வைத்துக் கேள்வி கேட்டிருப்பார்கள். ஒட்டுக்கேட்பைப் பற்றி நாட்டில் நிறைய பேசியாகிவிட்டது. இந்தப் பட்டியலைப் பற்றிப் பேச்சும் குறைவு, சட்டத்தின் காவலும் குறைவு. அந்தக் கவலையில்தான் இதைத் தொகுத்தேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். உங்கள் மேல் வழக்கு இருந்தால் இதைப் படித்ததோடு நிற்காமல் வழக்கறிஞரைப் பாருங்கள்.

1. சிடிஆர், சிடிஆர்னு சொல்றாங்களே, அது என்ன? நான் பேசினதெல்லாம் அதுல இருக்குமா?

இருக்காது. சிடிஆர் என்பது அழைப்பு விவரப் பதிவு. நீங்கள் யாரையாவது கூப்பிட்டாலோ, உங்களுக்கு அழைப்பு வந்தாலோ, எஸ்எம்எஸ் போனாலோ, தொலைத்தொடர்பு நிறுவனத்தின் கணினியில் ஒரு வரி பதிவாகும். அழைத்த எண், அழைக்கப்பட்ட எண், தேதி, நேரம், எத்தனை விநாடி பேசினீர்கள், கைபேசியின் ஐஎம்இஐ எண், சிம்மின் ஐஎம்எஸ்ஐ எண், அப்போது போன் எந்த டவரோடு தொடர்பில் இருந்தது என்ற செல் ஐடி, இவை அந்த வரியில் இருக்கும். பேச்சில் ஒரு சொல்கூட இருக்காது.

சிம்மை மாற்றினால் தப்பிவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. கைபேசி அதே என்றால் ஐஎம்இஐயும் அதே. எண்ணை வைத்தும் தேடலாம், ஐஎம்இஐயை வைத்தும் தேடலாம். இன்டர்நெட் பயன்பாட்டுக்குத் தனியாக ஐபிடிஆர் என்ற பதிவு இருக்கிறது. அதை 11ஆம் கேள்வியில் பார்க்கலாம்.

2. அப்போ ஒட்டுக்கேட்கிறதும் சிடிஆர் எடுக்கிறதும் ஒண்ணா?

வேறு வேறு. ஒட்டுக்கேட்பு என்பது உத்தரவு போட்ட நாளிலிருந்து இனிமேல் நீங்கள் பேசப்போவதைக் கேட்பது. சிடிஆர் ஏற்கெனவே நடந்து முடிந்தவற்றின் பட்டியல். நீங்கள் சந்தேகத்துக்கு ஆளாகும் முன்பே அது எழுதப்பட்டுத் தயாராக இருக்கிறது.

சட்டத்திலும் இரண்டுக்கும் பாதை வேறு. ஒட்டுக்கேட்க உள்துறைச் செயலர் நிலையில் உத்தரவு வேண்டும். சிடிஆர் வாங்க மாவட்ட அளவிலேயே ஒப்புதல் கிடைத்துவிடும். "உன் போனை ஒட்டுக்கேட்டுட்டோம், எல்லாம் தெரியும்" என்று விசாரணையில் மிரட்டினால் உடனே நம்பிவிடாதீர்கள். நான் பார்த்த அளவில் கையில் இருப்பது பெரும்பாலும் சிடிஆர்தான்.

3. கம்பெனிக்காரங்க இதை எத்தனை நாள் வச்சிருப்பாங்க?

குறைந்தது 2 ஆண்டு. முன்பு 1 ஆண்டாக இருந்தது. 2021 டிசம்பரில் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை உரிம நிபந்தனையைத் திருத்தி 2 ஆண்டாக ஆக்கியது. நாடாளுமன்றத்தில் விவாதம் நடந்து வந்த மாற்றமில்லை இது. அரசும் நிறுவனங்களும் போட்டுக்கொண்ட உரிம ஒப்பந்தத்தில் செய்த திருத்தம். நாட்டில் போன் வைத்திருக்கும் எல்லாருடைய வாழ்க்கையும் கூடுதலாக ஓராண்டு சேமிக்கப்படுகிறது, நம்மிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

4. பேச்சே பதிவாகலைன்னா என்ன பயம்? தப்பு பண்ணாதவனுக்கு என்ன வந்தது?

அதிகமாக வரும் கேள்வி இது. ஒரு பெண்ணின் எண்ணிலிருந்து இரவு 11 மணிக்குப் பெண்கள் உதவி எண்ணான 181க்கு அழைப்பு, மறுநாள் காலையில் குடும்ப நல வழக்கறிஞருக்கு, அதற்கு மறுநாள் அம்மா வீட்டுக்கு நாற்பது நிமிடம். என்ன பேசினார் என்று தெரிய வேண்டிய அவசியம் இல்லை. மாதாமாதம் ஒரே தேதியில், எச்ஐவிக்குச் சிகிச்சை தரும் ஏஆர்டி மையத்தின் எண். வேலைநிறுத்தத்துக்கு முந்தைய வாரம் தொழிற்சங்கச் செயலாளரின் எண். குடியை விடுவதற்கான மையத்தின் எண். பேச்சிலாவது ஒருவர் மறைக்கலாம், பொய் சொல்லலாம். பட்டியல் பொய் சொல்லாது, அதை வரிசைப்படுத்தி ஆராயக் கணினிக்குச் சில நிமிடம் போதும்.

மால்ட்டே ஷ்பிட்ஸ் என்ற ஜெர்மன் பசுமைக் கட்சிக்காரர், வழக்குப் போட்டுத் தன் சொந்தப் போன் பதிவுகளையே நிறுவனத்திடமிருந்து வாங்கினார். ஆறு மாதத்துக்கு 35,000க்கும் மேற்பட்ட வரிகள். 2011இல் ஒரு பத்திரிகையின் இணையதளம் அவற்றை வரைபடத்தில் ஓடவிட்டது. எந்த ரயிலில் போனார், எப்போது தூங்கினார், எந்த ஊரில் எத்தனை நேரம் இருந்தார் என்பதெல்லாம் நாள்வாரியாகத் தெரிந்தது. அமெரிக்காவின் என்எஸ்ஏ உளவு அமைப்பின் முன்னாள் தலைவர் மைக்கேல் ஹேடன், இப்படிப்பட்ட பதிவுகளின் அடிப்படையில் ஆட்களைக் கொல்கிறோம் என்று 2014இல் மேடையிலேயே ஒப்புக்கொண்டார். வெறும் பில் விவரம் என்று நாம் நினைப்பதற்கு உளவுத் துறை கொடுக்கும் மதிப்பு அவ்வளவு.

தப்பு என்பதை யார் முடிவு செய்வது என்பதையும் யோசிக்க வேண்டும். மணல் கடத்தலைப் பற்றி அதிகாரிக்குத் துப்புக் கொடுத்தவர் தப்பு செய்யவில்லை. அவர் எண் அந்த அதிகாரியின் சிடிஆரில் இருக்கும். அந்தப் பட்டியல் தவறான கைக்குப் போனால் ஆபத்து அவருக்குத்தான்.

5. போலீஸ் எந்தச் சட்டத்துல வாங்குறாங்க? கோர்ட் ஆர்டர் வேண்டாமா?

வேண்டாம் என்பதுதான் இன்றைய நிலை. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94ஆவது பிரிவு (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 91) ஆவணங்களைக் கேட்டுப் பெறும் அதிகாரத்தைத் தருகிறது. விசாரணைக்குத் தேவை என்று கருதினால் நீதிமன்றமும் கேட்கலாம், காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியும் எழுத்துப்பூர்வமாகக் கேட்கலாம். சிடிஆர் என்று பெயர் சொல்லி அதற்கென்று தனிப் பாதுகாப்பு எதுவும் அந்தப் பிரிவில் இல்லை.

நடைமுறையில் எஸ்பி, நகரங்களில் துணை ஆணையர் நிலைக்குக் குறையாத அதிகாரியின் ஒப்புதலோடு நிறுவனத்தின் நோடல் அதிகாரிக்கு (இப்படிப்பட்ட கோரிக்கைகளைப் பெறும் பொறுப்பாளர்) அலுவல் மின்னஞ்சல் போக வேண்டும். 2013இல் வெடித்த ஒரு விவகாரத்துக்குப் பிறகு (12ஆம் கேள்வி) உள்துறை அமைச்சகம் கொண்டுவந்த கட்டுப்பாடு இது. நல்ல கட்டுப்பாடுதான். ஆனால் அது நிர்வாக அறிவுறுத்தல். நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தில் எழுதப்பட்டதாக இருந்தால், மீறும்போது நீதிமன்றத்தில் பிடித்துக்கொள்ள நமக்கு உறுதியான பிடி இருந்திருக்கும்.

6. ஒட்டுக்கேட்க மட்டும் ஏன் அவ்வளவு கெடுபிடி?

அரசியல்வாதிகளே அதில் அடிபட்டார்கள் என்பது ஒரு காரணம். 1988இல் ஒட்டுக்கேட்பு சர்ச்சையில் கர்நாடக முதல்வர் ராமகிருஷ்ண ஹெக்டே பதவி விலகினார். அரசியல்வாதிகளின் போன்கள் ஒட்டுக்கேட்கப்பட்டது பற்றிய சிபிஐ அறிக்கை 1991இல் வெளியானதும் பியூசிஎல் என்ற மக்கள் உரிமை அமைப்பு உச்ச நீதிமன்றம் போனது. 1996 டிசம்பர் 18இல் தீர்ப்பு வந்தது. போனில் பேசுவது அந்தரங்க உரிமையின் பகுதி, 1885ஆம் ஆண்டு தந்திச் சட்டத்தின் 5(2) பிரிவை இஷ்டத்துக்குப் பயன்படுத்த முடியாது என்று நீதிமன்றம் சொன்னது. உள்துறைச் செயலர்தான் உத்தரவிட வேண்டும், இரண்டு மாதத்தில் காலாவதி, நீட்டித்தாலும் மொத்தம் ஆறு மாதத்தைத் தாண்டக்கூடாது, மறுஆய்வுக் குழு பார்க்க வேண்டும் என்று விதிகளும் வகுத்தது. முன்கூட்டியே நீதிபதியின் அனுமதி வேண்டும் என்ற கோரிக்கையை மட்டும் ஏற்கவில்லை.

அந்த விதிகள் 2007இல் தந்தி விதிகளில் 419ஏ ஆகச் சேர்ந்தன. இப்போது 2023ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டத்தின் 20(2) பிரிவும் 2024 டிசம்பரில் வந்த புதிய விதிகளும் அந்த இடத்தில் இருக்கின்றன. 60 நாள், அதிகபட்சம் 180 நாள் என்ற கணக்கு மாறவில்லை.

காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. மறுஆய்வுக் குழுவில் இருப்பவர்கள் யார் என்று பாருங்கள். மத்தியில் அமைச்சரவைச் செயலரும் இரண்டு துறைச் செயலர்களும், மாநிலத்தில் தலைமைச் செயலரும் இன்னும் இரு செயலர்களும். அரசு போட்ட உத்தரவை அரசு அதிகாரிகளே சரிபார்க்கிறார்கள். தரவுப் பாதுகாப்புக்காக நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா தலைமையில் அமைந்த குழு 2018இல் தந்த அறிக்கை இதைவிடக் கவலை தருகிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடும் மறுஆய்வுக் குழு, ஒவ்வொரு கூட்டத்திலும் 15,000 முதல் 18,000 உத்தரவுகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று அதில் இருக்கிறது. அத்தனையையும் யாராலும் படித்துப் பார்க்க முடியாது.

7. லஞ்ச கேஸ்ல ஒட்டுக்கேட்கக் கூடாதுன்னு சென்னை ஹைகோர்ட் சொல்லிடுச்சாமே?

2025 ஜூலை 2 தீர்ப்பைச் சொல்கிறார்கள். ஒரு கல்வி நிறுவனத்தின் அன்றைய நிர்வாக இயக்குநரின் போனை ஒட்டுக்கேட்க 2011இல் உள்துறை அமைச்சகம் போட்ட உத்தரவை நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ரத்து செய்தார். சட்டம் அனுமதிப்பது பொது அவசரநிலை, பொதுப் பாதுகாப்பு என்ற இரண்டு சூழ்நிலைகளில்தான். இவை வெளிப்படையாகத் தெரிய வேண்டியவை. ரகசியமாக நடக்கும் சாதாரணக் குற்றத்தைக் கண்டுபிடிக்க இந்தப் பிரிவைப் பயன்படுத்த முடியாது என்றார். ஒட்டுக்கேட்டவற்றை மறுஆய்வுக் குழுவின் முன் வைக்காததையும் குறையாகச் சொன்னார். இதே போக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் 2019இலேயே ஒரு லஞ்ச வழக்கில் தீர்ப்பளித்திருந்தது.

அதற்காக விஷயம் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். சென்னைத் தீர்ப்புக்குச் சில நாள் முன்புதான் டெல்லி உயர் நீதிமன்றம், பெரிய அளவிலான ஊழல் நாட்டின் பொருளாதாரத்தையே பாதிக்கும், அதனால் பொதுப் பாதுகாப்பில் அடங்கும் என்று எதிர்த் திசையில் சொன்னது. எனக்குச் சென்னைத் தீர்ப்புதான் சரியாகப் படுகிறது. "பொதுப் பாதுகாப்பு" என்ற சொல்லுக்குள் எல்லாக் குற்றத்தையும் அடக்கினால் அந்த நிபந்தனையை எழுதிவைத்ததற்கே பொருளில்லை.

8. நம்பரை டயல் பண்ணி கம்பெனிக்கு நாமளே தானே தகவலைக் குடுக்கிறோம்? அப்புறம் அதுல என்ன அந்தரங்கம்?

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1979இல் ஸ்மித் வழக்கில் சொன்னது கிட்டத்தட்ட இதுவேதான். பல ஆண்டு அங்கே அதுவே சட்டம். நம் உச்ச நீதிமன்றம் அந்த வழியில் போகவில்லை. கனரா வங்கி வழக்கில், வாடிக்கையாளரின் ஆவணம் வங்கியின் கையில் இருப்பதால் மட்டும் அவருடைய அந்தரங்க உரிமை போய்விடாது என்று 2004இலேயே சொல்லிவிட்டது. உரிமை ஆளோடு ஒட்டியது, காகிதம் எந்த அலமாரியில் இருக்கிறது என்பதைப் பொறுத்ததல்ல.

2017 ஆகஸ்ட் 24இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அரசு தலையிட வேண்டுமானால் சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், நோக்கத்துக்குத் தேவையான அளவை மீறக்கூடாது. 5ஆம் கேள்வியில் சொன்ன சிடிஆர் நடைமுறையை இந்த மூன்றாவது நிபந்தனையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நேற்று பக்கத்துத் தெருவில் நடந்த சங்கிலிப் பறிப்புக்கு ஒருவருடைய இரண்டாண்டுப் பட்டியலும் தேவையா? வழக்கறிஞர்கள் இந்தக் கேள்வியை நீதிமன்றத்தில் இன்னும் அடிக்கடி எழுப்ப வேண்டும்.

அமெரிக்காவும் 2018இல் கார்ப்பென்டர் வழக்கில் ஓரளவு மாறியது. பல நாட்களுக்கான டவர் இருப்பிடப் பதிவை எடுக்க நீதிமன்ற வாரண்ட் வேண்டும் என்று அங்கே தீர்ப்பு வந்தது.

9. எங்க ஏரியால கொலை நடந்துச்சு. அந்த டவர்ல இருந்த எல்லா நம்பரையும் எடுத்தாங்களாம். அப்படி எடுக்கலாமா?

எடுக்கிறார்கள். டவர் டம்ப் என்பார்கள். குறிப்பிட்ட நேரத்தில் குறிப்பிட்ட டவரில் பதிவான எல்லா எண்களையும் வாங்கி, அதிலிருந்து சந்தேக எண்களைச் சலித்தெடுப்பது. துப்பே இல்லாத கொலை, கொள்ளை வழக்குகளில் குற்றவாளி சிக்கியதும் உண்டு. பயனில்லாத முறை என்று சொல்ல மாட்டேன்.

என் கவலை, வலையில் விழும் மற்றவர்களைப் பற்றியது. பேருந்து நிலையத்தின் பக்கத்து டவர் என்றால் ஆயிரக்கணக்கான எண்கள். அவர்களில் யார் மேலும் தனிப்பட்ட சந்தேகம் இல்லை. வழக்கு முடிந்தபின் அந்தப் பட்டியலை அழிக்க வேண்டுமா, எத்தனை நாளில், யார் சரிபார்ப்பது என்று டவர் டம்புக்கென்று தெளிவான சட்டவிதி வேண்டும். ஒட்டுக்கேட்ட பதிவுகளை அழிக்க விதி இருக்கிறது. அதே ஒழுங்கு இதற்கும் ஏன் கூடாது? போராட்டமோ ஊர்வலமோ நடந்த இடத்தில் இப்படி எடுத்தால், வந்தவர்களின் வருகைப் பதிவேடு அரசின் கையில் இருக்கும்.

10. ஒரு ஆளுக்கு எடுக்கிறது சரி. மொத்த மாநிலத்துக்கும் எடுக்க முடியுமா?

முயன்றிருக்கிறார்கள். டெல்லி, கேரளா, ஆந்திரா உள்ளிட்ட பல தொலைத்தொடர்பு வட்டங்களில் குறிப்பிட்ட சில நாட்களுக்கான எல்லா வாடிக்கையாளர்களின் சிடிஆரையும் தொலைத்தொடர்புத் துறை கேட்டது 2020 மார்ச்சில் செய்தியானது. நிறுவனங்களின் கூட்டமைப்பே ஆட்சேபித்துக் கடிதம் எழுதியது. கால் டிராப் பிரச்சினையை ஆராயத்தான் கேட்டோம், பெயர் விவரம் இல்லாமல் கேட்டோம் என்று அரசு விளக்கம் கொடுத்தது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் கேரளப் போலீஸ் கொரோனா தொற்றாளர்களின் சிடிஆரை எடுப்பதை எதிர்த்து, எதிர்க்கட்சித் தலைவர் உயர் நீதிமன்றம் போனார். டவர் இருப்பிடம் மட்டும் போதும் என்று மாநில அரசு இறங்கிவந்தது.

அமெரிக்காவில் இது ஆண்டுக்கணக்கில் ரகசியமாக நடந்தது. வெரைசன் நிறுவனம் தினமும் தன் வாடிக்கையாளர்களின் அழைப்புப் பதிவுகளை என்எஸ்ஏவுக்குக் கொடுக்க வேண்டும் என்ற ரகசிய நீதிமன்ற உத்தரவு, எட்வர்ட் ஸ்னோடென் வழியாக 2013 ஜூனில் வெளியானது. பயங்கரவாதத்தைத் தடுக்க இது அவசியம் என்றார்கள். அரசே அமைத்த தனியுரிமை மேற்பார்வைக் குழு ஆராய்ந்து, அந்நாட்டுக்கு எதிரான மிரட்டல் எதிலும் இந்தத் திட்டம் விசாரணையின் முடிவை மாற்றியதாக ஓர் உதாரணம்கூடக் கிடைக்கவில்லை என்று 2014 ஜனவரியில் எழுதியது. 2015 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் திட்டத்துக்குச் சட்ட அனுமதி இல்லை என்றது. அடுத்த மாதமே மொத்தமாக அள்ளுவதை நிறுத்தும் சட்டம் வந்தது.

இங்கே 2024 நவம்பரில் வந்த தொலைத்தொடர்பு சைபர் பாதுகாப்பு விதிகளைக் கவனியுங்கள். பேச்சின் உள்ளடக்கம் நீங்கலாக, அழைப்பின் வழி, நேரம், நீளம் போன்ற தொடர்புத் தரவையும் பிற தரவையும் நிறுவனங்களிடம் கேட்க மத்திய அரசுக்கு அவை அதிகாரம் தருகின்றன. பேச்சைத் தொடவில்லையே என்று ஆறுதல் கொள்பவர்கள் 4ஆம் கேள்விக்கான பதிலை இன்னொரு முறை படியுங்கள்.

11. வாட்ஸ்அப் கால்ல பேசினா சிடிஆர்ல வராதாமே?

சாதாரண அழைப்பாகப் பதிவாகாது. உங்கள் போன் எந்த நேரத்தில் எந்த ஐபி முகவரியோடு தொடர்பு கொண்டது என்று ஐபிடிஆரில் இருக்கும், அதையும் 2 ஆண்டு வைத்திருக்க வேண்டும். யாரோடு பேசினீர்கள் என்பது போன்ற கணக்கு விவரங்கள் வாட்ஸ்அப் நிறுவனத்திடம் ஓரளவு இருக்கும், சட்டப்படி கேட்டால் தரக்கூடியதைத் தரும். போனையே கைப்பற்றித் திறந்துவிட்டாலோ, பெகாசஸ் மாதிரி உளவு மென்பொருள் உள்ளே புகுந்துவிட்டாலோ, பேச்சைப் பூட்டி அனுப்பும் வாட்ஸ்அப்பின் மறையாக்கத்தால் பயனில்லை.

12. ஸ்டேஷன்ல தெரிஞ்சவங்க இருந்தா யாரோட சிடிஆரையும் எடுத்துடலாம்னு சொல்றாங்க. உண்மையா?

நடந்திருக்கிறது. 2013இல் மாநிலங்களவை எதிர்க்கட்சித் தலைவராக இருந்த அருண் ஜேட்லியின் சிடிஆரையே எடுத்துவிட்டார்கள். டெல்லிக் காவலர் ஒருவர் மேலதிகாரியின் அலுவல் மின்னஞ்சலிலிருந்து நிறுவனத்துக்குக் கோரிக்கை அனுப்பியிருந்தார். அவரும் தனியார் துப்பறிவாளர்களும் கைதானார்கள். 2018இல் மகாராஷ்டிரத்தின் தாணே போலீஸ், சிடிஆர்களை விலைக்கு விற்ற ஒரு கும்பலைப் பிடித்தது. அதிலும் துப்பறிவாளர்கள் இருந்தார்கள்.

இது குற்றம். தொலைத்தொடர்புத் தரவை அனுமதியின்றி எடுத்தால் 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தின் 42ஆவது பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, அல்லது 2 கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உங்கள் பட்டியல் வெளியே போனது தெரிந்தால் எஸ்பிக்குப் பதிவுத் தபாலில் புகார் அனுப்புங்கள். எஃப்ஐஆர் போடவில்லை என்றால் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 175(3) பிரிவில் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். செய்தது போலீஸ்காரர் என்றால் மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் போகலாம், ஓராண்டுக்குள்.

13. என் வீட்டுக்காரர் எனக்குத் தெரியாம என் சிடிஆரை எடுத்து டைவர்ஸ் கேஸ்ல போட்டுட்டார். அது செல்லுமா?

கிட்டத்தட்ட இதே பிரச்சினையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024 அக்டோபரில் தீர்ப்பளித்திருக்கிறது. கணவர் மனைவியின் அழைப்புப் பட்டியலைத் தாக்கல் செய்திருந்தார். கணவன் மனைவிக்குள்ளும் அந்தரங்க உரிமை உண்டு, அதை மீறி எடுத்த ஆவணத்தை ஏற்க முடியாது என்று நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் சொன்னார். உரிமை என்பது அரசுக்கு எதிராக மட்டும் இல்லை, வீட்டுக்குள்ளும் உண்டு என்று சொன்ன முக்கியமான தீர்ப்பு.

இதற்குப் பிறகு 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், மனைவியோடு பேசியதைக் கணவர் ரகசியமாகப் பதிவு செய்த ஒரு விவாகரத்து வழக்கில், அந்தப் பதிவைச் சாட்சியமாக ஏற்கலாம் என்றது. எதிர்த்தரப்பு இதைக் காட்டும். அந்த வழக்கு இருவருக்கும் இடையே நடந்த பேச்சைப் பற்றியது. நீங்கள் மூன்றாம் நபர்களோடு பேசிய பட்டியலை நிறுவனத்திடமிருந்து கள்ளத்தனமாக எடுப்பது வேறு என்று உங்கள் வழக்கறிஞர் வாதிட இடம் இருக்கிறது. எப்படிக் கிடைத்தது என்று குறுக்கு விசாரணையில் கட்டாயம் கேட்கச் சொல்லுங்கள்.

14. என் போனை எடுத்தாங்களான்னு ஆர்டிஐ போட்டுத் தெரிஞ்சுக்கலாமா?

போடலாம், பதில் வருவது கடினம். விசாரணை பாதிக்கும், நாட்டின் பாதுகாப்பு என்று 8ஆவது பிரிவைக் காட்டுவார்கள். உளவு அமைப்புகள் பலவற்றுக்கு 24ஆவது பிரிவில் விலக்கே இருக்கிறது. தன் போன் ஒட்டுக்கேட்கப்பட்டதா என்று வழக்கறிஞர் ஒருவர் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயிடம் கேட்ட வழக்கில், நிறுவனத்திடம் கேட்டுச் சொல்லும்படி டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2018இல் உத்தரவிட்டார். 2023 டிசம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்துவிட்டது.

எல்லாம் முடிந்தபிறகாவது, குற்றம் எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகாவது, சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற கடமை நம் சட்டத்தில் இல்லை. தனக்கு நடந்தது தெரியாதவர் எந்த நீதிமன்றத்துக்குப் போவார்?

15. புதுசா டேட்டா பாதுகாப்புச் சட்டம் வந்துடுச்சே, அது காப்பாத்தாதா?

இந்த விஷயத்தில் பெரிதாகக் காப்பாற்றாது. 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, குற்றத்தைத் தடுக்கவும் புலனாய்வு செய்யவும் தரவைப் பயன்படுத்தும்போது பெரும்பாலான கடமைகளிலிருந்து விலக்குத் தருகிறது. தான் அறிவிக்கும் அரசு அமைப்புகளுக்குச் சட்டத்திலிருந்தே விலக்குத் தரவும் மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டு. நிறுவனங்களின் அலட்சியத்தைக் கேள்வி கேட்க இந்தச் சட்டம் உதவலாம்.

16. நான் நிருபர். எனக்குத் தகவல் குடுக்கிறவங்களை எப்படிக் காப்பாத்துறது?

அங்கீகாரம் பெற்ற நிருபர்கள் இந்தியாவில் வெளியிடுவதற்காக அனுப்பும் செய்திகளை ஒட்டுக்கேட்கக் கூடாது என்ற பொது விலக்கு பழைய தந்திச் சட்டத்திலும் இருந்தது, 2023 தொலைத்தொடர்புச் சட்டத்திலும் விதிவிலக்குகளோடு இருக்கிறது. அந்தப் பாதுகாப்பு செய்திக்குத்தான். உங்களுக்கு யார் போன் செய்தார் என்ற பட்டியலுக்கு அப்படி எதுவும் இல்லை. முக்கியமான ஆளை உங்கள் சொந்த எண்ணிலிருந்து கூப்பிடாதீர்கள். நேரில் பாருங்கள், போகும்போது போனைக் கொண்டுபோகாதீர்கள்.

17. விதிப்படி எடுக்கலைன்னா கோர்ட்ல தள்ளுபடி ஆயிடும்ல?

தானாக ஆகாது. 1972இல் மல்கானி வழக்கில், சாட்சியம் முறைகேடாகக் கிடைத்திருந்தாலும் வழக்குக்குத் தொடர்புடையது என்றால் ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. புட்டசாமி தீர்ப்புக்குப் பிறகு அந்த நிலை தொடர வேண்டுமா என்பது வாதத்துக்குரியது. 7ஆம் கேள்வியில் சொன்ன சென்னை, பம்பாய் தீர்ப்புகள் அந்த வாதத்துக்குத் துணை.

ஒட்டுக்கேட்பில் ஒரு தெளிவு உண்டு. அவசரத்தில் உரிய உத்தரவின்றித் தொடங்கி, 7 வேலை நாளுக்குள் ஒப்புதல் வரவில்லை என்றால், கேட்டதை எதற்கும் பயன்படுத்தக் கூடாது, சாட்சியமாகவும் கூடாது என்று 2024 விதிகள் சொல்கின்றன. சிடிஆருக்கு இதற்கு இணையான விதி கிடையாது. சிடிஆரில் நீங்கள் பார்க்க வேண்டியது சான்றிதழ். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியமின் 63ஆவது பிரிவில் (பழைய சட்டத்தில் 65பி) உரிய சான்றிதழ் இல்லாத அச்சுப் பிரதியை எதிர்க்கலாம். அது கட்டாயம் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது.

18. சிடிஆர்ல நான் அந்த ஊர்ல இருந்ததா காட்டுது. ஆனா நான் அங்க போகவே இல்லை.

செல் ஐடி காட்டுவது டவரை, உங்களை இல்லை. நகரத்தில் ஒரு டவரின் எல்லை சில நூறு மீட்டர் இருக்கலாம், கிராமத்தில் பல கிலோமீட்டர் வரை போகும். பக்கத்து டவரில் நெரிசல் என்றால் போன் தள்ளியிருக்கும் டவரைப் பிடிக்கும். இரண்டு ஊர் எல்லையில் வீடு இருப்பவர்களுக்கு இது சகஜம். "சம்பவ இடத்தில் இருந்தார்" என்று குற்றப்பத்திரிகையில் எழுதியிருந்தால், அந்த டவர் எவ்வளவு தூரம், எந்தத் திசையில் வீச்சு என்று நிறுவனத்தின் அதிகாரியைக் கூண்டில் வைத்துக் கேட்க வேண்டும். போன் இருந்த இடமும் ஆள் இருந்த இடமும் ஒன்றுதானா என்பது அடுத்த கேள்வி.

19. நான் நிரபராதின்னு காட்ட எனக்கே சிடிஆர் வேணும். கம்பெனில கேட்டா தருவாங்களா?

ப்ரீபெய்டு வாடிக்கையாளர் கடந்த 6 மாதத்துக்கான பயன்பாட்டு விவரத்தை 50 ரூபாய்க்கு மிகாத கட்டணத்தில் கேட்டு வாங்கலாம் என்று டிராயின் 2012 விதிமுறை சொல்கிறது. அதில் நீங்கள் செய்த அழைப்புகள் வரும். டவர் விவரமும் உள்வந்த அழைப்புகளும் வேண்டும் என்றால் நீதிமன்றம் வழியாகத்தான். 94ஆவது பிரிவில் நீதிமன்றமும் உத்தரவிடலாம் என்று 5ஆம் கேள்வியில் சொன்னது இங்கே உங்களுக்குப் பயன்படும். கைது நடந்த நேரத்தில் அதிகாரிகள் எங்கே இருந்தார்கள் என்று காட்ட அவர்களுடைய சிடிஆரைக் கேட்ட ஒரு போதைப்பொருள் வழக்கில், மற்றவர்களின் எண்களை மறைத்துத் தரலாம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் வழி காட்டியது.

தாமதிக்காதீர்கள். பல வழக்குகள் விசாரணைக்கு வருவதற்குள் 2 ஆண்டு ஓடிவிடும், அதன்பின் நிறுவனம் அழித்துவிடலாம். கைதான முதல் வாரங்களிலேயே எண், தேதி, நேரம் மூன்றையும் குறிப்பிட்டு, அந்தப் பதிவைப் பத்திரமாக வைக்கும்படி நிறுவனத்துக்கு உத்தரவிடக் கோரி மனு போடச் சொல்லுங்கள். ஜாமீன் மனுவோடு சேர்த்தே போடலாம். உத்தரவு வந்ததும் அதன் சான்றிட்ட நகலை நோடல் அதிகாரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையை வழக்குக் கட்டில் வையுங்கள்.